சரிபாதியாகப் பிரிந்த செனட்: அமெரிக்காவின் 47ஆம் காங்கிரஸ், 1881–83

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் 47ஆம் காலத்தில் அதன் மேலவையான செனட் சபை இரு கட்சிகளுக்கும் சரிசமமாகப் பிரிந்திருந்தது என்றால், அந்த இரண்டு ஆண்டுகளும் அவை முடங்கித்தானே கிடந்திருக்க வேண்டும், அப்படியிருக்க இத்தனை முக்கியமான சட்டங்கள் அதே அவையில் எப்படி நிறைவேறின என்பது கேள்வி. முடக்கம் நிகழ்ந்தது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் பதவிகளைப் பங்கிடுவதில் நிகழ்ந்தது. சட்டங்கள் என்று வந்தபோது உறுப்பினர்கள் கட்சி எல்லையைத் தாண்டி வாக்களித்தார்கள், சில வேளைகளில் தாண்டியிருக்கவே கூடாத விஷயத்திலும் தாண்டினார்கள். அந்தச் சமநிலையின் மிக ஆபத்தான விளைவோ எந்தச் சட்டத்திலும் இல்லை, அதிபருக்கு அடுத்து யார் என்ற இடம் சில மாதங்கள் காலியாகக் கிடந்ததில் இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. அப்போது மாநிலங்கள் 38, எனவே செனட் உறுப்பினர்கள் 76 பேர். மக்கள் நேரடியாக செனட் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1913இல்தான் வந்தது. அதுவரை மாநிலச் சட்டமன்றங்களே அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. 1881 மார்ச் 4 அன்று தொடங்கிய 47ஆம் காங்கிரஸில் குடியரசுக் கட்சிக்கு 37 பேர், ஜனநாயகக் கட்சிக்கு 37 பேர். எஞ்சிய இருவர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதுதான் கணக்கு. அதே நாளில் பதவியேற்ற அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டும் ஏறத்தாழ இதே அளவு மெல்லிய வித்தியாசத்தில் வந்தவர்தான். 1880 தேர்தலில் பதிவான சுமார் 90 லட்சம் வாக்குகளில் அவருக்கும் எதிர்வேட்பாளர் ஹான்காக்குக்கும் இடையே பத்தாயிரம் வாக்கு வித்தியாசம்கூட இல்லை.

அந்த இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் டேவிட் டேவிஸ், லிங்கனின் நெருங்கிய நண்பர், 1860இல் லிங்கனுக்கு வேட்பாளர் வாய்ப்பைப் பெற்றுத் தந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர், பிறகு 1862 முதல் 1877 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1876 அதிபர் தேர்தலில் ஹேய்ஸ், டில்டன் இருவரில் யார் வென்றார் என்ற தகராறைத் தீர்க்க 1877இல் அமைக்கப்பட்ட ஆணையத்தில் நடுநிலையான பதினைந்தாவது உறுப்பினராக அவர் இருப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த வேளையில், இல்லினாய் சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சியினரும் சுயேச்சைகளும் சேர்ந்து அவரை செனட்டுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டதால், அவர் அந்த ஆணையத்தில் அமராமலே ஒதுங்கிக்கொண்டார். ஆக, ஒரு தராசின் நடுமுள்ளாக இருக்கும் வாய்ப்பைத் தவிர்த்தவரை நான்கே ஆண்டுகளில் இன்னொரு தராசின் நடுவில் காலம் கொண்டுவந்து நிறுத்தியது. 135 கிலோவுக்குக் குறையாத பருத்த உடல், நிதானமான பேச்சு. அவையை அமைக்கும் விஷயத்தில் ஏற்கெனவே பெரும்பான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியோடு வாக்களிப்பதாக அவர் சொல்லிவிட்டார்.

மற்றவர் வர்ஜீனியாவின் வில்லியம் மஹோன். டேவிஸுக்கு நேர் எதிரான உருவம், ஐம்பது கிலோ தேறாத சின்ன உடல். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் தளபதியாக இருந்து 1864இல் பீட்டர்ஸ்பர்க் அருகே நடந்த ‘கிரேட்டர்’ சண்டையில் பெயர் பெற்றவர். போருக்குப் பின் ரயில் நிறுவனங்களின் தலைவர். இந்தப் பின்னணியை மட்டும் பார்த்தால் அவர் ஜனநாயகக் கட்சியின் வரிசையில்தான் அமர வேண்டும். ஆனால் அவர் வந்தது ‘ரீஅட்ஜஸ்டர்’ என்ற வர்ஜீனியாக் கட்சியின் சார்பில். போருக்கு முன் கால்வாய்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் வாங்கிய மாநிலக் கடன், வட்டியோடு சேர்ந்து 1871 அளவில் நாலரைக் கோடி டாலராக வளர்ந்திருந்தது. மாநிலத்தின் ஒரு பகுதி பிரிந்து மேற்கு வர்ஜீனியா ஆகிவிட்ட பிறகும் கடனை முழுதாக அடைத்தே தீர வேண்டும் என்று பழைய ஆளும் கூட்டம் சொன்னது. பள்ளிக்கூடங்களுக்கான பணத்தை எடுத்துக் கடன்பத்திரக்காரர்களுக்கு வட்டி கட்டுவதா என்று கேட்டு, கடனைக் குறைத்துச் சீரமைக்கக் கோரி எழுந்ததுதான் மஹோனின் கட்சி. வெள்ளைச் சிறு விவசாயிகளும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் சேர்ந்து அளித்த வாக்குகளால் 1879இல் அது மாநிலச் சட்டமன்றத்தைக் கைப்பற்றியது. அந்தச் சட்டமன்றம்தான் மஹோனை வாஷிங்டனுக்கு அனுப்பியது.

இப்போது 1881 மார்ச் மாதத்துக்கு வருவோம். புதிய அதிபரின் அமைச்சர்களை உறுதிசெய்வதற்காக செனட் மட்டும் சிறப்புக் கூட்டமாகக் கூடியிருந்தது. குடியரசுக் கட்சியின் செனட் உறுப்பினர்களான பிளெய்ன், விண்டம், கிர்க்வுட் மூவரும் அமைச்சர்களாகிவிட்டதால் அவர்களுடைய இடங்கள் காலி. விஸ்கான்சினின் கார்ப்பெண்டர் சில நாட்களுக்கு முன்தான் இறந்திருந்தார். அந்தந்த மாநிலங்கள் மாற்று ஆட்களை அனுப்பும்வரை ஜனநாயகக் கட்சிக்குத் தற்காலிகப் பெரும்பான்மை இருந்ததால், அதற்குள் மசோதாக்களை ஆராயும் அவைக் குழுக்களை அமைத்துவிட அது அவசரப்பட்டது. குடியரசுக் கட்சி நாளைக் கடத்தியது.

மார்ச் 14 அன்று ஜார்ஜியாவின் பெஞ்சமின் ஹில் எழுந்து, எங்கள் பக்கம் 38 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்திருக்கிறார்கள், அப்படியிருக்க எதிரணி நம்பிக்கையோடு இருப்பதென்றால் எங்களில் யாரோ ஒருவர் துரோகம் செய்யப் போகிறார் என்றுதானே பொருள், அவர் யார் என்று பெயர் சொல்லாமல் சீண்டினார். யாரைச் சொல்கிறார் என்பது மன்றத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மஹோன் எழுந்து, தான் தேசிய ஜனநாயகக் கட்சியின் தயவில் வந்தவர் அல்லர், அந்தக் கட்சியை எதிர்த்து வென்ற ஒரு கூட்டணியின் பிரதிநிதி என்று பதில் சொன்னார். அன்றோடு சந்தேகம் தீர்ந்தது. மாற்று உறுப்பினர்கள் வந்து சேர்ந்ததும், ஒரு பக்கம் டேவிஸைச் சேர்த்து 38, மறுபக்கம் மஹோனைச் சேர்த்து 38. மார்ச் 18 அன்று குழுக்களை அமைக்கும் தீர்மானத்தில் வாக்குகள் சமமாக நின்றபோது, அவைத் தலைவராக அமர்ந்திருந்த துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் தன் நிர்ணய வாக்கைக் குடியரசுக் கட்சிக்குப் போட்டார். வெள்ளை மாளிகையிலிருந்து ஓர் அழகிய பூக்கூடை மஹோனுக்கு வந்து சேர்ந்ததாக செனட்டின் வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. கூடவே வேளாண்மைக் குழுவின் தலைமைப் பதவியும் வந்தது.

பூக்கூடையை வைத்து மஹோனை விலைபோனவர் என்று எழுதித் தள்ளியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அந்த முடிவு அவசரமானதாகவே படுகிறது. அவர் கேட்டு வாங்கியவற்றில் பதவிகள் இருந்தன என்பதில் சந்தேகமில்லை. வர்ஜீனியாவில் மத்திய அரசின் தபால், சுங்க வேலைகளுக்கு ஆள் போடும் செல்வாக்கு அவர் கைக்குப் போனது. ஆனால் அந்தச் செல்வாக்கை வைத்து அவர் காப்பாற்றிய கூட்டணி தன் மாநிலத்தில் செய்த வேலைகளையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். வாக்குரிமைக்கு நிபந்தனையாக இருந்த தலைவரியை அது நீக்கியது, சவுக்கடித் தண்டனையை ஒழித்தது, பொதுப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கியது, கறுப்பின மாணவர்களுக்கென பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தை 1882இல் நிறுவியது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலம் முடிந்த பிறகு தென்மாநிலங்களில் கறுப்பின வாக்காளர்கள் ஆட்சியில் பங்குபெற்ற மிகச் சில இடங்களில் வர்ஜீனியா ஒன்று. அது 1883 நவம்பரில், டான்வில் நகரில் தேர்தலுக்குச் சற்று முன் நடந்த வன்முறையை அடுத்து, வாக்குப்பெட்டியில் தோற்றது.

குழுக்கள் அமைந்ததோடு செனட் நகர்ந்திருக்கலாம். ஆனால் அடுத்து அவையின் அலுவலர் பதவிகள் வந்தன. செனட்டின் செயலாளராக கோர்ஹாம் என்பவரையும், அவைக் காவல் அதிகாரியாக மஹோனின் கூட்டாளி ஹாரிசன் ரிடில்பெர்கரையும் நியமிக்கக் குடியரசுக் கட்சி விரும்பியது. குழுக்களை விட்டுக்கொடுத்த ஜனநாயகக் கட்சி இதில் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கட்டாயப்படுத்தும் விதி செனட்டில் 1917 வரை கிடையாது. எனவே ஒத்திவைக்கக் கோரும் தீர்மானம், அதற்குப் பெயர் சொல்லி வாக்கெடுப்பு, அது தோற்றதும் வேறொரு தீர்மானம், மறுபடி பெயர் சொல்லி வாக்கெடுப்பு என்று வாரக்கணக்கில் ஓடியது. நாட்டின் வரி, நாணயம், நிலம் எதைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. எழுத்தர்களையும் சேவகர்களையும் நியமிக்கும் அதிகாரம் யார் கையில் என்பதுதான் சண்டை. அந்த அதிகாரத்தின் கீழ் நூற்றுக்கு மேற்பட்டோர் பிழைப்பு இருந்ததால் இரு கட்சிக்கும் அது சில்லறை விஷயமாகத் தோன்றவில்லை. மே மாதத் தொடக்கத்தில் குடியரசுக் கட்சி களைத்துப் பின்வாங்கியது. ஜனநாயகக் கட்சி நியமித்திருந்த அலுவலர் அமைப்பே 1883 டிசம்பர் வரை நீடித்தது. ரிடில்பெர்கருக்கு அந்தப் பதவி கிடைக்கவே இல்லை. 1881 டிசம்பரில் வர்ஜீனியா சட்டமன்றம் அவரையே செனட் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டது வேறு கதை.

இந்த இழுபறி நடக்கும்போதே குடியரசுக் கட்சிக்குள் இன்னொரு பிளவு முற்றிக்கொண்டிருந்தது. நியூயார்க் துறைமுகத்தின் சுங்கக் கலெக்டர் பதவிதான் அன்றைய மத்திய அரசு வேலைகளிலேயே செழிப்பானது. நாட்டின் சுங்க வருவாயில் பெரும்பகுதி அந்த ஒரு துறைமுகத்தின் வழியாகவே வந்தது. கட்சிக்காரர்களுக்கு வேலை போட்டுக்கொடுக்கவும் அவர்களுடைய சம்பளத்தில் கட்சிக்கு வசூலிக்கவும் அதைவிட வசதியான இடம் இல்லை. துணை அதிபர் ஆர்தரே 1871 முதல் 1878 வரை அந்த நாற்காலியில் இருந்து, அதிபர் ஹேய்ஸால் நீக்கப்பட்டவர். நியூயார்க் செனட் உறுப்பினர் ராஸ்கோ கான்க்ளிங்கின் அணியைச் சேர்ந்தவர் ஆர்தர். அந்த அணிக்கு ‘ஸ்டால்வார்ட்’ என்று பெயர். கார்ஃபீல்டோ மார்ச் 23 அன்று கான்க்ளிங்கின் உள்ளூர் எதிரியான வில்லியம் ராபர்ட்சனை அந்தப் பதவிக்கு முன்மொழிந்தார். கான்க்ளிங் சினந்தார். பேரம் பேசிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. மே 5 அன்று கார்ஃபீல்டு நியூயார்க்கின் மற்ற நியமனங்களைத் திரும்பப் பெற்று ராபர்ட்சன் பெயரை மட்டும் செனட்டின் முன் விட்டுவைத்தார். ராபர்ட்சனை உறுதிசெய்யாமல் மற்றவர்களுக்கு வேலை இல்லை என்பதுதான் அதன் பொருள்.

மே 16 அன்று கான்க்ளிங்கும் அவருடைய சக உறுப்பினர் தாமஸ் பிளாட்டும் பதவி விலகினார்கள். தங்கள் மாநிலச் சட்டமன்றம் தங்களையே மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்பும், அந்த வெற்றியோடு திரும்பி வந்து அதிபருக்குப் பாடம் புகட்டலாம் என்பது எண்ணம். இரண்டே நாளில் ராபர்ட்சன் உறுதிசெய்யப்பட்டார். மாநிலத் தலைநகர் ஆல்பனியில் சட்டமன்றமோ வாரக்கணக்கில் வாக்கெடுப்புமேல் வாக்கெடுப்பாக நடத்தி, ஜூலையில் வார்னர் மில்லரையும் எல்பிரிட்ஜ் லாபமையும் தேர்ந்தெடுத்தது. ஆல்பனிக்குப் போய் தன் அதிபருக்கு எதிராகக் கான்க்ளிங்குக்கு ஆதரவு திரட்டியவர்களில் துணை அதிபர் ஆர்தரும் ஒருவர். இன்றைக்கு இதைப் படிக்கும்போது நம்பக் கடினமாக இருக்கிறது.

இங்கேதான் சமநிலையின் உண்மையான ஆபத்து உருவானது. இருவர் விலகியதும் செனட்டில் டேவிஸைச் சேர்த்து ஜனநாயகக் கட்சிப் பக்கம் 38, எதிர்ப்பக்கம் 36. கூட்டம் முடிவதற்கு முன் துணை அதிபர் சற்று இருக்கையை விட்டு எழுந்து, உறுப்பினர்கள் தமக்குள் ஓர் இடைக்கால அவைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வழிவிடுவது வழக்கம். அன்றிருந்த 1792ஆம் ஆண்டு வாரிசுச் சட்டப்படி, அதிபரும் துணை அதிபரும் இல்லாமல் போனால் அந்த இடைக்காலத் தலைவர்தான் அதிபராகச் செயல்பட வேண்டும், அவருக்கு அடுத்து பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். ஆர்தர் எழுந்திருந்தால் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்திருப்பார். அதனால் அவர் எழவில்லை. மே 20 அன்று செனட் கலைந்தது. சபாநாயகரும் கிடையாது, ஏனெனில் முந்தைய சபையின் காலம் மார்ச் 4 அன்றே முடிந்திருந்தது, புதிய பிரதிநிதிகள் சபை டிசம்பரில்தான் முதன்முறையாகக் கூட வேண்டும். தேர்தல் நடந்து பதின்மூன்று மாதம் கழித்துச் சபை கூடுவது அன்றைய நடைமுறை. ஆக அதிபருக்கும் ஆர்தருக்கும் கீழே ஏணியில் படியே இல்லை.

ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் கார்ஃபீல்டைச் சுட்டான். தன்னை ஸ்டால்வார்ட் என்றும், இனி ஆர்தரே அதிபர் என்றும் சொல்லிக்கொண்டே பிடிபட்டான். வேலை கேட்டுக் கிடைக்காமல் அலைந்தவன். ஆனால் சித்தம் பிறழ்ந்தவன் என்பதும் விசாரணையில் தெளிவாகவே தெரிந்தது, அவனை வெறும் ‘வேலை கிடைக்காத கட்சிக்காரன்’ என்று சுருக்கிவிடுவது பிற்காலத்துச் சீர்திருத்தப் பிரசாரத்தின் வசதி. கார்ஃபீல்டு உடனே இறக்கவில்லை. செப்டம்பர் 19 வரை, ஏறத்தாழ எண்பது நாட்கள், படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களில் அவர் கையெழுத்திட்ட அரசு ஆவணம் ஒன்றே ஒன்று, ஒரு கைதியை நாடுகடத்தி ஒப்படைப்பது பற்றியது. அதிபர் உயிரோடு இருந்தும் செயல்பட முடியாத நிலையில் துணை அதிபர் பொறுப்பேற்கலாமா, ஏற்றால் பிறகு திருப்பித் தர முடியுமா என்பதற்கு அரசியலமைப்பில் தெளிவான விடை இல்லை. சுட்டவன் தன் பெயரைச் சொன்ன காரணத்தால் ஆர்தர் முன்வரவும் துணியவில்லை, ஒதுங்கியே இருந்தார்.

செப்டம்பர் 20 அதிகாலை இரண்டு மணியளவில், நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூவில் தன் வீட்டு முன்கூடத்தில், மாநில நீதிபதி ஒருவர் முன்னிலையில் ஆர்தர் அதிபராகப் பதவியேற்றார். அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அடுத்தவர் என்று சட்டத்தில் யாருமே இல்லை. செனட் தலைவர் இல்லை, சபாநாயகர் இல்லை, துணை அதிபர் இல்லை. வாஷிங்டனுக்குக் கிளம்பும் முன் அவர் செனட்டைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழைக்கும் ஓர் அறிவிப்பை எழுதி, உறையிலிட்டு, ‘அதிபர், வெள்ளை மாளிகை’ என்று முகவரியிட்டு அஞ்சலில் சேர்த்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வழியில் தான் இறந்துவிட்டாலும் அந்தக் கடிதத்தைப் பிரித்து செனட்டைக் கூட்டிவிடலாம் என்ற ஏற்பாடு. வேலை போட்டுக்கொடுக்கும் அரசியலில் ஊறியவர் என்று ஊரே இளக்காரமாகப் பார்த்த மனிதர் செய்த முதல் காரியம் இது. நான்கு மாதம் முன்பு அவைத் தலைவர் இருக்கையை விட்டு எழ மறுத்ததால் விளைந்த ஓட்டையை அவரே அஞ்சல் உறை ஒன்றால் அடைக்கப் பார்த்தார்.

அக்டோபர் 10 அன்று செனட் கூடியது. ரோட் ஐலண்டின் பர்ன்சைடு செப்டம்பரில் இறந்திருந்தார். அவருடைய இடத்துக்கு வந்த நெல்சன் ஆல்ட்ரிச்சும் நியூயார்க்கின் புதியவர் இருவரும் இன்னும் உறுதிமொழி எடுக்கவில்லை. அவர்களை முதலில் அமரவிடாமல், கையிலிருந்த பெரும்பான்மையை வைத்து ஜனநாயகக் கட்சி டெலவேரின் தாமஸ் பேயார்டை இடைக்காலத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. புதியவர்கள் உறுதிமொழி எடுத்ததும் கணக்கு மீண்டும் மாறியது. இப்போது நிர்ணய வாக்குப் போட துணை அதிபரும் இல்லை என்பதால், தங்கள் கட்சிக்காரரை நிறுத்தி வெல்லக் குடியரசுக் கட்சியாலும் முடியாது. இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஒரே பெயர் டேவிட் டேவிஸ். அக்டோபர் 13 அன்று குடியரசுக் கட்சியின் வாக்குகளோடு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்சிக் கடப்பாடு எதையும் நிபந்தனையாக வைத்திருந்தால் இந்தக் கௌரவத்தை மறுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு இருக்கையில் அமர்ந்தார். மூன்றே நாள் பதவியில் இருந்த பேயார்டு இறங்கினார். அன்று தொடங்கி ஒன்றரை ஆண்டு காலம், எந்தக் கட்சியிலும் சேராத ஒரு முன்னாள் நீதிபதி அமெரிக்க அதிபர் பதவிக்கு அடுத்த வரிசையில் இருந்தார். சமநிலை பெற்றெடுத்த விநோதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

டிசம்பர் 5 அன்று பிரதிநிதிகள் சபை கூடி, ஓஹையோவின் ஜே. வாரன் கைஃபரைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது. அங்கே குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை மிக மெல்லியது. காகிதப் பணத்தை ஆதரித்த கிரீன்பேக் கட்சியினர் பத்துப்பேர் அளவில் இடையில் இருந்தார்கள். அதனால் தேர்தல் தகராறு வழக்குகளில் ஒவ்வோர் இடமும் கணக்கில் வந்தது. மிசிசிப்பியில் கறுப்பினத் தலைவர் ஜான் லிஞ்சின் வழக்கு அதற்கு நல்ல உதாரணம். அவருக்கு விழுந்த வாக்குச்சீட்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை, பெயர்களுக்கு நடுவே அச்சகத்தார் போட்டிருந்த சிறு கோடுகளைச் சட்டவிரோத அடையாளம் என்று காட்டித் தள்ளப்பட்டிருந்தன. எதிர்வேட்பாளர் சால்மர்ஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டார். 1882 ஏப்ரல் இறுதியில் சபை லிஞ்சையே உறுப்பினராக அமர்த்தியது. தென் கரோலினாவின் ராபர்ட் ஸ்மால்ஸ் அதே ஆண்டு ஜூலையில் இதே வழியில் அமர்ந்தார். இவற்றைத் தடுக்க ஜனநாயகக் கட்சி செனட் பாணியில் இழுத்தடித்தபோது, மேய்ன் மாநிலத்தின் தாமஸ் ரீட் முன்னின்று, தேர்தல் வழக்குகளில் அத்தகைய தீர்மானங்களுக்கு இடம் தராத விதியைக் கொண்டுவந்தார். பின்னாளில் சபாநாயகராக அவர் செய்த பெரிய சீர்திருத்தத்தின் முளை இது. நீதியும் கட்சி லாபமும் ஒரே திசையில் போனதால்தான் இந்த வழக்குகள் வென்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி சட்டங்கள். கட்சி எல்லையை எளிதாகக் கடந்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது, சொல்வதற்கு வெட்கமானதும்கூட, சீனர் விலக்குச் சட்டம். 1880 கணக்கெடுப்பில் ஐந்து கோடி மக்கள்தொகை கொண்ட நாட்டில் சீனர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஆனால் கலிஃபோர்னியாவின் வாக்குகள் இரு கட்சிக்கும் தேவைப்பட்டன. சீனத் தொழிலாளர் வருகையை 20 ஆண்டுகளுக்கு நிறுத்தும் மசோதாவை இரு சபைகளும் நிறைவேற்றின. சீனாவோடு 1880இல் செய்த ஒப்பந்தம் வருகையை நியாயமான அளவில் நிறுத்திவைக்க மட்டுமே இடம் தருகிறது, 20 ஆண்டு என்பது அதை மீறுவது என்று சொல்லி ஆர்தர் 1882 ஏப்ரல் 4 அன்று வீட்டோ செய்தார். காலத்தைப் பத்து ஆண்டாகக் குறைத்து மறுபடி அனுப்பினார்கள், மே 6 அன்று கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் சபையில் அதற்கு 202 வாக்குகள், எதிர்த்து 37 மட்டுமே. மாசசூசெட்ஸின் ஜார்ஜ் ஹோர் போன்ற சிலரே செனட்டில் இதைக் கொள்கையளவில் எதிர்த்துப் பேசினார்கள். காவல் அதிகாரி நியமனத்துக்காக வாரக்கணக்கில் மல்லுக்கு நின்ற அவை, ஓர் இனத்தின் பெயரைச் சொல்லிக் கதவடைக்கும்போது இவ்வளவு விரைவாக ஒன்றுசேர்ந்தது. பிரிந்த அவை என்றால் கெடுதல், ஒன்றுபட்ட அவை என்றால் நன்மை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

யூட்டாவில் மார்மன் சமயத்தாரின் பலதார மணத்தைக் குறிவைத்த எட்மண்ட்ஸ் சட்டம் 1882 மார்ச்சில் வந்தது. பலதார மணம் செய்தவர்களின் வாக்குரிமையையும் பதவி வகிக்கும் உரிமையையும் அது பறித்தது. ஆகஸ்டில் ஆறுகள், துறைமுகங்களுக்கான செலவு மசோதா. சுமார் 1 கோடியே 87 லட்சம் டாலர் செலவு, அதில் பல வேலைகள் உள்ளூர்த் தயவுக்காகச் சேர்க்கப்பட்டவை என்று ஆர்தர் வீட்டோ செய்தார். மறுநாளே இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அதை மீறி நிறைவேற்றின. தொகுதிக்குப் பணம் வருகிறதென்றால் கட்சி ஏது?

அதற்கு எதிரான கோடியில் நிற்பது சுங்கவரிச் சட்டம். அன்றைய கருவூலத்தின் சிக்கல் விசித்திரமானது. 1882இல் மட்டும் 14 கோடி டாலருக்கு மேல் உபரி. வரியைக் குறைக்க வேண்டும் என்பதில் பெரிய தகராறு இல்லை, எந்த வரியை என்பதில்தான் தகராறு. ஒன்பது பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்து, அதன் தலைமையில் கம்பளி உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளரான ஜான் ஹேய்ஸையே அமர்த்தினார்கள். அப்படியிருந்தும் ஆணையம் சராசரி 20 முதல் 25 சதவீதம் குறைப்பைப் பரிந்துரைத்தது எல்லோருக்கும் வியப்பு. ஆனால் இரு சபைகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் கூட்டுக்குழுவில் தைத்து ஒட்டிய மசோதாவில் மிஞ்சிய குறைப்பு இரண்டு சதவீதம்கூட இல்லை. செனட்டில் 32க்கு 31 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் தப்பி, 1883 மார்ச் 3 அன்று, காங்கிரஸின் கடைசி நேரத்தில், அது சட்டமானது. சமநிலையின் முத்திரை பதிந்த சட்டம் ஒன்றைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன்.

பென்டில்டன் சட்டத்தையும் இங்கே தவிர்க்க முடியாது. அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு வைப்பது, கட்சி நிதி தராததற்காக ஊழியரை நீக்கக் கூடாது என்பது அதன் சாரம். மசோதாவை எழுத உதவிய டோர்மன் ஈட்டன் பிரிட்டிஷ் நிர்வாகத் தேர்வு முறையை நேரில் ஆராய்ந்தவர். இந்தியாவின் ஐ.சி.எஸ். பதவிகளுக்கு லண்டனில் 1855 முதல் நடந்துவந்த போட்டித் தேர்வும் அந்த முறையின் ஒரு கிளைதான். கார்ஃபீல்டின் கொலைதான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கொலை நடந்து ஓர் ஆண்டுக்கு மேலாகியும் மசோதா அசையவில்லை. அதை அசைத்தது 1882 நவம்பர்த் தேர்தல். பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி படுதோல்வி அடைந்தது. அடுத்த அதிபர் ஜனநாயகக் கட்சிக்காரராக இருக்கக்கூடும் என்ற பயம் வந்ததும், ஏற்கெனவே வேலையில் இருக்கும் தம் ஆட்களுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணமும் வந்தது. தோற்றவர்களும் அடுத்த மார்ச் வரை உறுப்பினர்களாகத் தொடர்ந்த அந்தக் குளிர்காலக் கூட்டத்தில், டிசம்பர் 27 அன்று செனட் 38க்கு 5 என்று நிறைவேற்றியது. ஜனவரி 16 அன்று ஆர்தர், சுங்க அலுவலக அரசியலின் அதே ஆர்தர், கையெழுத்திட்டார். தொடக்கத்தில் அது மத்திய அரசு வேலைகளில் பத்தில் ஒரு பங்கைத்தான் தொட்டது. மசோதாவுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் பென்டில்டன் ஓஹையோவின் ஜனநாயகக் கட்சிக்காரர். வேலை போட்டுக்கொடுக்கும் வாய்ப்பைக் கெடுத்த கோபத்தில் அவருடைய சொந்தக் கட்சியே அடுத்த முறை அவரை செனட்டுக்கு அனுப்பவில்லை.

வாரிசு விஷயத்தில் இந்தக் காங்கிரஸ் எதையும் சரிசெய்யாமலே 1883 மார்ச் 4 அன்று முடிந்தது. கடைசிக்கு முந்தைய நாள் டேவிஸ் இடைக்காலத் தலைவர் பதவியை விட்டு விலகி, அந்த இடத்துக்கு வெர்மான்ட்டின் எட்மண்ட்ஸ் வந்தார். 1885 நவம்பரில் துணை அதிபர் ஹெண்ட்ரிக்ஸ் இறந்தபோது மறுபடியும் அதே கதைதான். செனட்டுக்கு இடைக்காலத் தலைவர் இல்லை, புதிய சபை இன்னும் கூடாததால் சபாநாயகரும் இல்லை. இரண்டாவது தடவை கை சுட்ட பிறகே 1886 ஜனவரியில் புதிய வாரிசுச் சட்டம் வந்து, வரிசையை வெளியுறவு அமைச்சரிடமிருந்து தொடங்கி அமைச்சர்களுக்கு மாற்றியது. ஒவ்வொரு முறையும் துணை அதிபர் எழுந்து வழிவிட வேண்டும் என்ற பழைய வழக்கத்தை 1890 மார்ச்சில் செனட் கைவிட்டு, ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட இடைக்காலத் தலைவர் அடுத்தவர் வரும்வரை பதவியில் நீடிப்பார் என்று தீர்மானித்தது.